கருப்பையில் சீழ் கட்டிய வீட்டு நாய்: குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கும்பகோணம் வட்டாரத்தில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு எந்த நோய்க்கு எங்கே போகலாம் என்று வழி சொல்லும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். 2024 அக்டோபரில் எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப்பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். ரூபாய்க் கணக்கு அந்த வீட்டு நோட்டுப் புத்தகத்தில் உள்ளது. வேறு ஊரில், வேறு ஆண்டில் தொகை மாறும்.

பின்னணி

திருவாரூர் மாவட்டம், குடவாசலை ஒட்டிய கிராமம். வீட்டில் மூன்று பேர்: தையல் கடை நடத்தும் பெண், அவருடைய மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் பத்தாம் தேதிவாக்கில் பணம் அனுப்புவார். எட்டு வயதுப் பெண் நாயை அவர்தான் ஒரு விடுமுறையில் குட்டியாக வாங்கி வந்தார். வெள்ளை ஸ்பிட்ஸ். ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்றுதான் சொல்வார்கள். கருத்தடை அறுவை செய்யவில்லை, குட்டியும் போட்டதில்லை.

நாயை அவர்கள் அலட்சியமாக வளர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று அரசு கால்நடை மருந்தகத்தில் நடக்கும் இலவச முகாமில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அட்டையும் பத்திரமாக இருந்தது. வேறு ஏதாவது என்றால், மாடுகளுக்குச் சினை ஊசி போட பைக்கில் வரும் ஒருவரைக் கூப்பிடுவார்கள். பூச்சி மருந்து, காய்ச்சல் ஊசி எல்லாம் அவர் கையால்தான். இரண்டு ஆண்டுக்கு முன் தெருநாய்களின் தொல்லை தாங்காமல், தீட்டு வராமலிருக்க ஓர் ஊசியும் அவரே போட்டிருக்கிறார். அது என்ன மருந்து என்பது எங்கும் எழுதப்படவில்லை.

இந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவம் மாட்டைச் சுற்றி வளர்ந்தது. உம்பளச்சேரி மாட்டுக்குப் பேர்போன மண் இது. கொருக்கையில் அந்த இனத்துக்கென்றே அரசுப் பண்ணை இருக்கிறது. மருந்தகத்தில் காலையில் போய் நின்றால் ஆடும் மாடும்தான் வரிசையில் இருக்கும். நாயைக் காட்டினால் பார்ப்பார்கள், விரட்ட மாட்டார்கள். ஆனால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறக்கும் அறுவை எல்லாம் ஒரு மருத்துவரும் ஓர் உதவியாளரும் இருக்கும் மருந்தகத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

கவனித்தவை

ஆடிப்பெருக்கு சமயத்தில் நாய் தீட்டானது. தேதி இப்படி நினைவில் இருந்தது பின்னால் பெரிய உதவியானது. தீட்டு மூன்று வாரத்துக்குள் நின்றுவிட்டது.

செப்டம்பர் கடைசி வாரத்தில் அது தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கியது. காலையில் வைத்த கிண்ணம் மதியத்துக்குள் காலியாகிவிடும். வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்யாத நாய், இரவில் கூடத்தில் சிறுநீர் போனது. வயதாகிவிட்டது என்றார் மாமியார். செப்டம்பர் 28 முகாமுக்குக் கொண்டுபோனபோதும் இந்த நிலைமைதான். வரிசையில் அத்தனை நாய்கள். ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவரும் கேட்கவில்லை, இவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் சோறு குறைந்தது. பின்புறத்தை நக்கிக்கொண்டே இருந்தது. வாலுக்கடியில் வெள்ளை மயிரில் பழுப்பும் சிவப்புமாகக் கறை, கெட்ட வாடை. திரும்பவும் தீட்டாகிவிட்டது என்றே வீட்டில் நினைத்தார்கள். தீட்டுக்கும் தீட்டுக்கும் நடுவே பொதுவாக ஆறேழு மாதம் இடைவெளி இருக்கும். இரண்டே மாதத்தில் மறுபடி ரத்தமும் சீழுமாகக் கசிந்தால் அது வேறு விஷயம்.

அக்டோபர் 7, 8

திங்கள்கிழமை காலையில் இருமுறை வாந்தி. பாதி பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று மாமியார் சொன்னார். மகன் தடுத்துவிட்டான். தடுத்தது நல்லது. அந்த மாத்திரை நாயின் கல்லீரலைக் கெடுக்கலாம், பூனைக்கோ மிகச் சிறிய அளவே உயிருக்கு ஆபத்து.

மாலையில் சினை ஊசிக்காரர் வந்து இரண்டு ஊசி போட்டார், 400 ரூபாய். இரவில் காய்ச்சல் தணிந்தது, நாய் கொஞ்சம் பால் குடித்தது. இந்தத் தற்காலிகத் தேறுதல்தான் இப்படிப்பட்ட நோய்களில் ஆபத்தானது. கிருமிக்கொல்லி ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொஞ்சம் அடக்கும், கருப்பைக்குள் தேங்கிய சீழ் அங்கேயே இருக்கும். அவருக்கும் நியாயம் செய்ய வேண்டும்: போகும்போது, "நாளைக்குப் பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984 இன்படி, கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றுக் கவுன்சிலில் பதிவு செய்தவரே நோயைக் கண்டறிந்து மருத்துவம் பார்க்கலாம். மற்றவர்கள் சில சிறு வேலைகளை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம், அவ்வளவுதான்.

மறுநாள் மருந்தகத்துக்குப் போனபோது மருத்துவர் இல்லை. கோமாரித் தடுப்பூசிக்காகக் கிராமங்களுக்குப் போயிருந்தார். மாடு, எருமைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போடும் ஊசி அது. அந்த நாட்களில் மருந்தகத்தில் மருத்துவரைப் பிடிப்பது கஷ்டம். உதவியாளர் அவருடைய கைபேசி எண்ணைக் கொடுத்தார். மருத்துவர் போனில் இரண்டு கேள்வி கேட்டார்: கடைசியாக எப்போது தீட்டானது, நாயின் எடை எவ்வளவு. முதலாவதற்கு உடனே பதில் கிடைத்தது. எடையை யாரும் பார்த்ததில்லை. மகன் அரவை மில் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, அப்புறம் தான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்ததில் ஒன்பது கிலோ சொச்சம் வந்தது. மருந்தின் அளவு எடையை வைத்துத்தான், ஆகவே இது முக்கியமான தகவல்.

அன்று மாலை அந்தப் பெண்ணின் சித்தி மகன் மூலமாக எங்களுக்குப் போன் வந்தது.

அக்டோபர் 9: மருந்தகம், ஸ்கேன்

புதன்கிழமை காலை எட்டரைக்கெல்லாம், முகாமுக்குக் கிளம்புவதற்கு முன்பே, மருத்துவர் நாயைப் பார்த்தார். ஈறு வறண்டிருந்தது. வயிறு லேசாக உப்பியிருந்தது, தொட்டால் முனகியது. கசிவைப் பார்த்ததுமே கருப்பையில் சீழ் என்று சந்தேகப்பட்டார். கால் நரம்பில் ஊசி குத்தி குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றினார், கிருமிக்கொல்லி போட்டார். பிறகு அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "இதுக்கு மேல இங்க என்னால முடியாதும்மா. கும்பகோணத்துல ஸ்கேனும் ரத்தமும் பாத்துடுங்க. சீழ்தான்னா ஆபரேஷன்தான். வர்றது ஆயுத பூஜை லீவு, அதுக்குள்ள முடிச்சிடணும்." கையோடு ஒரு பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

நாயைப் பேருந்தில் ஏற்ற முடியாது. ஆட்டோக்காரர் ஒருவர் வாடையைப் பார்த்துத் திரும்பிவிட்டார். தெரிந்தவரின் காருக்கு 1,200 ரூபாய். தூக்கி வண்டியில் வைக்கும்போது வலியில் நாய் மகனின் கையைக் கவ்வப் பார்த்தது, பல் படவில்லை. தாய் தன் துப்பட்டாவால் வாயைக் கட்டினார். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். வாந்தி எடுக்கும் நாய்க்கு வாயைக் கட்டுவது மூச்சடைக்கவும் வழி செய்யும், அதனால் தூக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டிவிட்டு அவிழ்த்துவிட வேண்டும். தடுப்பூசி அட்டை இருந்ததால் கையாண்ட எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி.

கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் இரண்டு கொம்புகளும் திரவம் நிறைந்த குழாய்களாக வீங்கியிருந்தன. வெள்ளை அணுக்கள் 38,000. நாய்க்கு 17,000 வரை இருந்தால் இயல்பு. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் 1.8, கொஞ்சம் அதிகம். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்.

இந்த நோய் ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீட்டு முடிந்தபின், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நாயின் உடம்பில் ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகமாக இருக்கும். அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துத் திரவம் சுரக்கச் செய்யும், அங்குள்ள எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். ஒவ்வொரு தீட்டிலும் இது நடந்து நடந்து, நடுவயதுக்கு மேல் சுவர் கெட்டுப்போகும். தீட்டின்போது மேலேறிய கிருமி, பெரும்பாலும் ஈ.கோலை, அங்கே பெருகும். அதன் நஞ்சு, சிறுநீரகம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் திறனைக் கெடுப்பதால்தான் அந்தத் தாகமும் கூடத்துச் சிறுநீரும். அதனால் தீட்டு முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள், கருத்தடை செய்யாத பெண் நாய் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் வயதின் மேல் பழி போடாமல் காட்டிவிட வேண்டும். சில நாய்களுக்குக் கருப்பை வாய் மூடியே இருக்கும், கசிவே வராது. அது இன்னும் ஆபத்து, வெடித்து வயிற்றுக்குள் பரவலாம். இந்த நாய்க்கு வாய் திறந்திருந்தது, அந்த அளவில் அதிர்ஷ்டம்.

தீட்டைத் தள்ளிப்போடப் போடும் ஊசிகளும் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வகைதான். அவை இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது தெரிந்த விஷயம். இந்த நாய்க்கு அந்த ஊசிதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

எந்த வழி

புதன் மாலை நான்கு பேர் பேசினோம். தையல் கடையில் அந்தப் பெண், மாமியார், வாட்ஸ்ஆப்பில் சிங்கப்பூரிலிருந்து கணவர், நான்.

மருந்தை மட்டும் தொடர்ந்து பார்ப்பது ஒரு வழி. குட்டி எடுக்க வேண்டிய இளம் நாய்களுக்குச் சில சமயம் ஹார்மோன் ஊசியால் சீழை வெளியேற்றிப் பார்ப்பார்கள். அடுத்த தீட்டில் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். எட்டு வயது, சிறுநீரக அளவும் ஏறத் தொடங்கியிருக்கிறது என்ற நிலையில் இதை ஸ்கேன் எடுத்த மருத்துவரே வேண்டாம் என்றார்.

அங்கேயே அறுவை செய்துகொள்வது இன்னொன்று. இரண்டு நாள் தங்க வைப்பதோடு 16,000 முதல் 18,000 வரை ஆகும் என்றார்கள். கருப்பையை எடுக்கும் அறுவைக்கு இது அநியாய விலை இல்லை, மயக்க மருந்து, ஆட்கள், இரவு கவனிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அறுவை செய்பவர் வெளியூரிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமைதான் வர முடியும்.

மூன்றாவது, ஒரத்தநாடு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2012 முதல் அங்கே இருக்கிறது, கற்பித்தல் மருத்துவமனையோடு. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை சாலையில் போக வேண்டும். இவர்கள் ஊரிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக எண்பது கிலோமீட்டருக்கு மேல். கட்டணம் குறைவு. பேராசிரியர்களின் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்களும் கூட இருந்து செய்வார்கள். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாய் அறுவைகளைத் தொடர்ந்து செய்கிற இடம், மயக்கத்தைக் கவனிக்கத் தனி ஆள் நிற்கும் இடம் என்பது இப்படிப்பட்ட நோயாளிக்குப் பெரிய விஷயம். குறை வேறு: காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் சொல்ல முடியாது, சில மருந்துகளை வெளியே வாங்கி வர வேண்டியிருக்கும்.

ஒன்றும் செய்யாமல் விடுவதைப் பற்றியும் பேசினோம். மாமியார்தான் எடுத்தார். "மாட்டுக்கே இவ்ளோ செலவு பண்ணினதில்ல நாங்க" என்றார். அவர் சொன்னதில் வெறுப்பு எதுவும் இல்லை. மாட்டுக்கு ஒரு விலை உண்டு, வைத்தியச் செலவு அந்த விலையைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வது அவர் வளர்ந்த குடும்பத்தின் வழக்கம். நாய்க்கு அப்படி ஒரு கோடு கிடையாது, அதனால்தான் குடும்பங்கள் திண்டாடுகின்றன. கடைசியில் கணவர் ஒரு தொகையைச் சொன்னார்: இனி எல்லாம் சேர்த்து 10,000 வரை போகலாம், அதைத் தாண்டினால் திரும்பவும் பேசலாம். இப்படி ஒரு வரம்பை முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்னது நல்லது என்று நினைக்கிறேன். அறுவை அறை வாசலில் நின்றுகொண்டு அதைத் தீர்மானிப்பது யாராலும் ஆகாது.

வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமி, அடுத்து ஞாயிறு. மூன்று நாளும் வெளிநோயாளிப் பிரிவு முழுதாக இயங்கும் என்று நம்பியிருக்க முடியாது. சனிக்கிழமைவரை காத்திருக்க வைத்தால் சிறுநீரகம் இன்னும் கெடும். ஆகவே வியாழன் காலையே ஒரத்தநாடு என்று முடிவானது.

பணம்? கணவரின் பணம் வர இரண்டொரு நாள் இருந்தது. தீபாவளிச் சீட்டு 12,000 ரூபாய், இருபதாம் தேதிக்கு மேல்தான் கொடுப்பார்கள். சீட்டு நடத்தும் அம்மா விஷயத்தைக் கேட்டு 5,000 முன்பணம் கொடுத்தார். மீதி கடைக் கல்லாவில் இருந்தது. நகையை வைக்கும் நிலைக்குப் போகவில்லை.

அக்டோபர் 10

விடியற்காலை ஐந்துக்கு வாடகைக் கார். காத்திருப்போடு 3,500 ரூபாய். முன்னிரவு முதல் சாப்பாடு கொடுக்கவில்லை, வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குப் போகும். பரிந்துரைக் கடிதம், ஸ்கேன் படம், ரத்த அறிக்கை, தடுப்பூசி அட்டை, தீட்டுத் தேதி, எடை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். இதனால் திரும்பவும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் இரண்டு மணி நேரம் திரவம் ஏற்றி நீர்ச்சத்தைச் சரி செய்தார்கள். மதியத்துக்குமுன் அறுவை. வீங்கிய கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். ஒப்புதல் படிவத்தில், மயக்கத்திலிருந்து மீளாமல் போகலாம் என்ற வரியைப் பயிற்சி மருத்துவர் படித்துக் காட்டிய பிறகுதான் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார்.

மாலை ஆறரைக்கு, நாய் தலை தூக்கி நின்றபின், வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டணமும் வெளியே வாங்கிய மருந்து, தையல் நூலும் சேர்த்து 2,900.

பின்தொடர்ந்தவை

முதல் இரவு மோசம். மழை வேறு. நாய் நடுங்கியது, முனகியது, யாரும் தூங்கவில்லை. உடம்புச் சூட்டைத் தக்கவைக்கச் சாக்கின் மேல் பழைய போர்வை போட்டு வைத்தார்கள்.

அடுத்த ஐந்து நாள் ஊசி. விடுமுறை நாட்களிலும் உள்ளூர் மருந்தகத்து மருத்துவர் காலையில் வந்து போட்டுவிட்டுப் போனார். அவருக்கு அது கட்டாய வேலை இல்லை. மூன்றாம் நாள் நாய் கஞ்சி குடித்தது, ஐந்தாம் நாள் வாசலுக்கு நடந்தது. தாகம் குறைந்ததுதான் எல்லோரும் எதிர்பார்த்த அறிகுறி, அது ஒரு வாரத்தில் தெரிந்தது.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு குடவாசலில் கிடைக்கவில்லை. அந்தப் பெண் பழைய பனியன் ஒன்றை வெட்டி, நான்கு காலும் நுழையும்படி முதுகில் நாடா வைத்துத் தைத்துவிட்டார். சிறுநீர் படாமல் பின்பக்கம் குடைந்து வெட்டியிருந்தார். தினமும் மாற்ற மூன்று. கூம்பைவிட இதுவே அந்த நாய்க்கு வசதியாக இருந்தது. பிறகு மருந்தகத்து மருத்துவர் வேறொரு வீட்டுக்கு இதே மாதிரி கேட்டு வாங்கிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். அந்த மாதக் கடைசியில் கும்பகோணத்தில் மறுபடி ரத்தம் பார்த்ததில் வெள்ளை அணுவும் கிரியேட்டினினும் இயல்புக்கு வந்திருந்தன. தீபாவளிக்கு நாய் கட்டிலுக்கடியில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து கிடந்தது, வருஷா வருஷம் அப்படித்தான்.

கணக்கு

முதல் ஊசி முதல் கடைசி ரத்தப் பரிசோதனைவரை மொத்தம் 13,100 ரூபாய். இதில் வண்டிக்கு மட்டும் 5,500. அறுவை நடந்த இடத்தில் கொடுத்ததைவிட அங்கே போய்வந்த கார் வாடகை அதிகம். டெல்டாவில் நாய் வைத்தியத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைதானே, செலவில்லை என்று நினைத்துக் கிளம்பி, காருக்குக் கொடுக்கும்போது விழிப்பார்கள்.

நோட்டில் ஏறாத செலவும் உண்டு. தீபாவளித் தையல் உச்சத்தில் இருக்கும் நேரம். நான்கு நாள் வேலை நின்றதில் சில ஜாக்கெட்டுகள் வேறு கடைக்குப் போய்விட்டன.

நல்ல உடம்போடு இருக்கும்போது திட்டமிட்டுச் செய்யும் கருத்தடை அறுவைக்கு மருந்தும் சோதனையும் குறைவு, அவசர வாடகையும் இல்லை. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம். நோய் முற்றியபின் செய்ததும் அதே உறுப்பை எடுக்கும் அறுவைதான், உயிராபத்தும் செலவும் மட்டும் பல மடங்கு.

இனி எப்படி

இந்தக் குடும்பத்திடம் தடுப்பூசி போட ஓர் இடமும், ஊசி போட ஓர் ஆளும் எட்டு வருஷமாக இருந்தன. நாயைத் தெரிந்த மருத்துவர் இல்லை. அதனால் வேறு நாய் வளர்ப்பவர்களுக்கு நாங்கள் இப்போது சொல்வது: நாய் நன்றாக இருக்கும்போதே, கூட்டமில்லாத ஒரு நாளில், பக்கத்து மருந்தகத்துக்குக் கொண்டுபோய் எடை பார்த்து, ஒரு தடவை உடம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "நாய் பார்ப்பீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. "எதையெல்லாம் இங்கே செய்ய முடியாது, அப்போது எங்கே அனுப்புவீர்கள்" என்று கேளுங்கள். இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிற மருத்துவர்தான் உங்களுக்கு வேண்டியவர். புதிய இடமானால் பதிவு எண் பலகையிலோ சீட்டிலோ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பணத்துக்கு அந்தப் பெண் செய்திருக்கும் ஏற்பாடு மாதம் 700 ரூபாய். அதில் ஏறக்குறைய 400 நிச்சயச் செலவுக்கு: ஆண்டுக்கொரு முறை பலநோய்த் தடுப்பூசி, மூன்று மாதத்துக்கொரு முறை குடற்புழு மாத்திரை, உண்ணி அதிகமாகும் மாதங்களில் அதற்கான மருந்து. வெறிநோய் ஊசி முகாமிலேயே. மீதி 300 திடீர்ச் செலவுக்கு, தொடவே கூடாது. முதலில் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட நினைத்தார். அது ஐந்து வருடத் திட்டம், அவசரத்துக்கு முழுதாக எடுக்க முடியாது. அதனால் அதே அஞ்சலகத்தில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, வட்டி குறைவானாலும். இந்த மாதிரிப் பணத்துக்கு வட்டியைவிட, கேட்ட அன்றே கைக்கு வருவதுதான் முக்கியம்.

காப்பீடும் விசாரித்தோம். நாய்களுக்குப் பொதுத்துறை நிறுவனமும் தனியார் நிறுவனங்களும் பாலிசி விற்கின்றன. வயது வரம்பு உண்டு, ஏற்கெனவே இருந்த நோய்க்குக் கிடைக்காது. எட்டு வயது நாய்க்கு, கருப்பையும் எடுத்தபின், கட்டும் தொகைக்குப் பலன் குறைவு என்று விட்டுவிட்டார்கள். குட்டியாக வாங்கும்போது விசாரித்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கலாம்.

அதே தெருவில் கருத்தடை செய்யாத பெண் நாய்கள் மூன்று வீட்டில் இருந்தன. தை அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கும்போது இரண்டு வீட்டார் ஒரே குட்டியானை வண்டியில் ஒரத்தநாடு போய்ச் செய்துகொண்டு வந்தார்கள், வாடகை பாதிப்பாதி. மூன்றாவது வீட்டில் ஒரு தடவையாவது குட்டி போடட்டும் என்கிறார்கள். ஒருமுறை குட்டி போட்டால் பின்னாளில் இந்த நோய் வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அப்படி உறுதியான பாதுகாப்பு எதுவும் கிடையாது. சொல்லியிருக்கிறோம்.

தீராதது

இரவு நேரம். மாலை ஏழெட்டு மணிக்கு மேல் இவர்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் நாய்க்கென்று திறந்திருக்கும் இடம் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு, அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக வீட்டு வாசலுக்கு வரும் வண்டி. வயலில் கண்ணாடி விரியன் கடித்த நாயை இரவு பத்து மணிக்கு எங்கே கொண்டுபோவது என்று அந்தப் பையன் கேட்டான். கும்பகோணத்துத் தனியார் மருத்துவர் ஒருவர் முன்கூட்டிப் போன் செய்தால் கதவைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் விஷமுறிவு மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அவருடைய எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். இரவில் வர ஒப்புக்கொண்ட கார் ஓட்டுநர் ஒருவரின் எண்ணும் அதற்குக் கீழே இருக்கிறது.